கஞ்சியில் மூழ்கிய கண்டம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. அதனால் பிளஸ் ஒன்னில் எங்களுக்குப் புவியியல் எடுத்தவர் தமிழ் ஐயா. இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கணக்குக்கு ஆள் இல்லை என்றால் ஊரே திரண்டுபோய் ஹெச்.எம். அறை வாசலில் நின்றிருக்கும். பூமியைப் பற்றிச் சொல்லித்தர ஆள் இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பூமி எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதைத்தான், சொல்ல விடாததையும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். விக்கிரமசிங்கபுரத்தில் அப்பா மில் வேலை பார்த்தார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்திவிடுவதாக இருந்தார். நான் பிளஸ் ஒன் சேர்ந்ததே தமிழ் ஐயா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசியதால்தான். மதிய வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல், "இந்தப் பிள்ளையை நிறுத்தினா அது பாவம்" என்று ஒரே பிடியாக நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நான் எடுத்தது வரலாறு, புவியியல், பொருளாதாரம் இருக்கும் குரூப். மார்க் இல்லாதவர்கள் போய் ஒதுங்கும் இடம் என்று அதற்குப் பெயர். எனக்கு மார்க் இருந்தது. பிடித்துத்தான் எடுத்தேன். ஆண்டு தொடங்கும் முன்பே புவியியல் புத்தகத்தை வாங்கிப் படித்து முடித்துவிட்டேன். பூமியின் உள்ளே மேலோடு, கவசம், கருவம் என்று மூன்று அடுக்கு இருப்பதும், மேலோடு பல தட்டுகளாகப் பிளந்து கிடப்பதும், அடியில் வெந்துகொண்டிருக்கும் கவசம் அந்தத் தட்டுகளை நகர்த்துவதும் அதில் இருந்தன. நான் நிற்கும் இந்தத் தரை ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக் கிடந்ததாம். பிறகு பிய்த்துக்கொண்டு, கடலுக்கு நடுவே தன்னந்தனியாக வடக்கே வந்து, ஆசியாவில் முட்டி இமயமலையைக் கிளப்பிவிட்டதாம். இன்னும் நிற்கவில்லை, வருஷத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை தூரம் போய்க்கொண்டே இருக்கிறது என்று போட்டிருந்தது. இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை அரைப் பக்கத்தில், ஒரு மங்கிய படத்தோடு அச்சடித்திருந்தார்கள். படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது படித்துறையில் நின்று பாபநாசம் மலையைப் பார்த்தேன். இந்த மலையோடு சேர்த்து எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாடம் வகுப்பில் வந்த அன்று முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஐயா புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்து, மூடி வைத்துவிட்டார்.

"இது வெள்ளைக்காரன் யூகம். ஒரு மார்க் கேள்வி வரும். வீட்டில் வாசிச்சுக்கோங்க."

பிறகு இரண்டு பீரியடும் குமரிக்கண்டம்தான். குமரிமுனைக்குத் தெற்கே இருந்த பெருநிலம், அதில் ஓடிய ஆறுகள், அங்கே பிறந்த முதல் மனிதன், அவன் பேசிய தமிழ், ஒரு நாள் கடல் பொங்கி எல்லாவற்றையும் விழுங்கியது. ஐயா சொன்னால் கடல் இரைச்சல் கேட்கும். ஆண்டுவிழாவில் அவர் அதைப் பேசும்போது மில்காரர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நானே அழுதிருக்கிறேன். ஆனால் அது ஆண்டுவிழா. இது புவியியல் வகுப்பு.

நான் எழுந்து கேட்டேன். "ஐயா, எல்லாம் ஒட்டிக் கிடந்துதுன்னா நடுவுல இன்னொரு கண்டத்துக்கு இடம் எங்க இருக்கு?"

"உட்காரும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை பட்டாசைத் தொடப் போகும்போது சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் அட்லஸில் இருந்த உலகப் படத்தைக் கத்தரியால் வெட்டினேன். ஆப்பிரிக்காவின் வயிற்றுக்குள் தென் அமெரிக்கா போய் உட்கார்ந்தது. இந்தியாவை மடகாஸ்கர் பக்கம் கொண்டுபோனேன், கீழே அண்டார்டிகாவை வைத்தேன், அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவைத் தள்ளினேன். அங்கங்கே கொஞ்சம் பிசகினாலும் மொத்தத்தில் பொருந்தியது. நடுவில் ஒரு கண்டத்தைச் சொருக அங்கே இடம் இல்லை. அட்லஸை வெட்டியதற்கு அப்பா முதுகில் ஒன்று வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

கஞ்சி யோசனை வந்தது அடுப்படியில். அம்மா சேலைகளுக்குப் போடக் கஞ்சி காய்ச்சுவாள். அதை ஆறவிட்டால் மேலே ஆடை படியும். ஒரு நாள் மறுபடி சூடாக்க உருளியை அடுப்பில் ஏற்றினாள். நடுவில் தீ பட்ட இடத்தில் கஞ்சி மேலே கிளம்பி வந்து ஆடையைப் பிளந்தது. பிளந்த துண்டுகள் பைய ஓரத்துக்கு நகர்ந்தன. விளிம்பில் போய் முட்டி, சுருங்கி, மேடு தட்டின. புத்தகத்தில் அரைப் பக்கம் படித்தது மொத்தமும் எங்கள் வீட்டு உருளியில் நடந்துகொண்டிருந்தது. கரண்டியை அம்மா கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள்.

"கிளறாதம்மா. இமயமலை வருது."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அந்த மாதம்தான் பள்ளியில் கண்காட்சி என்று அறிவித்தார்கள். முதலில் வருவது பாளையங்கோட்டையில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். அங்கே நடுவராக மதுரையிலிருந்து ஒரு கல்லூரிப் புவியியல் பேராசிரியை வருகிறார் என்று ஹெச்.எம். பிரேயரில் சொன்னார். எனக்கு மதுரையில் போய் அதைத்தான் படிக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் பக்கத்தில் அந்தப் படிப்பு இல்லை என்றார்கள். மதுரை, ஹாஸ்டல் என்று எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அன்று விடவில்லை. ஷிப்டு முடிந்து வந்தவரைச் சாப்பிட உட்கார வைத்துக் கேட்டேன்.

"அந்தப் பேராசிரியையே நான் படிக்கலாம்னு சொன்னா அனுப்புவீங்களா?"

அப்பா ரொம்ப நேரம் பிசைந்த சோற்றையே பிசைந்தார். "படிச்சவ, பெரிய பதவியில இருக்கவ, அவளே சொன்னா, அப்புறம் நான் என்னத்தச் சொல்ல. அனுப்புதேன்."

அம்மா சாட்சி. அதன் பிறகு எனக்கு அந்த உருளியைத் தவிர வேறு நினைப்பு இல்லை. பாளையங்கோட்டைக்குப் போனால் மதுரை, போகாவிட்டால் டைப்ரைட்டிங் வகுப்பும் மாப்பிள்ளை வீட்டாரும். அவ்வளவுதான் கணக்கு.

கண்டங்களைத் தெர்மோகோலில் செய்தேன். கஞ்சிச் சூட்டில் அவை சுருண்டுபோயின. மரச்சில்லில் செய்தேன். பாதி முங்கிக்கொண்டு நகர மறுத்தன. கடைசியில் வாழைமட்டை கை கொடுத்தது. அதன் உள்ளே அறை அறையாகக் காற்று இருக்கும், முக்கினாலும் முங்காது. வெட்டி, மஞ்சளும் குங்குமமும் துணிக்குப் போடும் நீலமும் பூசினேன். கஞ்சி கூழாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் பதமாக வர அம்மாதான் வழி சொன்னாள். எதற்கும் வாசல் தாண்டாத எங்கள் பக்கத்து வீட்டு அக்காகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் கஞ்சிதான் ஆகாரம் என்று அப்பா மில்லில் சொல்லிச் சிரித்தாராம்.

கண்காட்சி அன்று காலையில் உருளி, மண்ணெண்ணெய் ஸ்டவ், கஞ்சித் தூக்கு எல்லாவற்றையும் அப்பா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். கண்டங்களை எல்லாம் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைத்தேன். ஆசியாவை மட்டும் விளிம்போரம் வைத்தேன். ஐயா வந்தார். கையில் ஒரு துணிப்பை. குனிந்து உருளியை நன்றாகப் பார்த்தார்.

"அருமைம்மா. ஆனா நடுவுல நம்ம நாட்டைக் காணோமே?"

"இந்தா இருக்குல்லாய்யா, இந்தியா."

"அது இல்லம்மா. கடல் கொண்ட நாடு."

"அதுக்கு இங்கன இடம் இல்லய்யா. நீங்களே பாருங்க, எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு."

ஐயா பையைத் திறந்தார். கெட்டி அட்டையில் வெட்டி, தங்கநிறத் தாள் ஒட்டி, 'பழந்தமிழ் நாடு' என்று சிவப்பு மையில் அழகாக எழுதிய ஒரு கண்டம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். ஓரமெல்லாம் அவ்வளவு நேர்த்தி. இந்தியாவை மேலே ஒதுக்கினார், மடகாஸ்கரை இடது பக்கம் தள்ளினார், ஆஸ்திரேலியாவை வலது பக்கம் தள்ளினார்.

"இடம் இல்லன்னா நாமதான் இடம் பண்ணணும்" என்று சொல்லித் தங்கத்தை நடுவில் வைத்தார்.

நான் ஏன் அப்போதே எடுத்து வெளியே போடவில்லை என்று கேட்பீர்கள். போட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்துவிட்டேன். அதற்குள் ஹெச்.எம். கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐயாவும் கூடவே வந்து, தங்கத்தை மறுபடி எடுத்து நடுவில் வைத்துவிட்டு, "தொடங்கும்மா" என்றார். சுற்றிலும் கூட்டம். கதவோரம் அப்பா மில் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் பேச ஆரம்பித்தேன். பூமியை யாரும் அடி வரைக்கும் தோண்டிப் பார்க்கவில்லை, பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி என்று சொல்வதுபோல பூகம்ப அதிர்வை வைத்துத்தான் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள் என்றேன். ஹெச்.எம். தலையாட்டினார். கஞ்சி கொதிவரத் தொடங்கியது. நடுவில் கிளம்பியது. வாழைமட்டைகள் பிரிந்தன. தென் அமெரிக்கா ஒரு பக்கம், ஆஸ்திரேலியா ஒரு பக்கம். இந்தியா நான் வீட்டில் பார்த்த அதே போக்கில் ஆசியாவைப் பார்த்து நகர்ந்தது. "இப்ப பாருங்க, முட்டப் போவுது" என்றேன்.

ஒருவரும் அங்கே பார்க்கவில்லை. எல்லோரும் நடுவைப் பார்த்தார்கள். அட்டை ஊறிவிட்டிருந்தது. தங்கத்தாளின் ஒரு மூலை கஞ்சிக்குள் சரிந்தது. ஒரு கொதி வந்து அதன் மேல் புரண்டது. 'பழந்தமிழ்' போய் 'நாடு' மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் போனது.

"முங்கிட்டு" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அதன் பிறகு வந்த கைதட்டலை என்னால் மறக்க முடியாது. விருந்தினர் கண் கலங்கிவிட்டது. ஹெச்.எம். என் தலையில் கை வைத்தார். ஐயா உணர்ச்சிவசப்பட்டு நின்றார். அவருக்கே அது மூழ்கும் என்று தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சும்மா வைப்பதற்காகத்தான் செய்து கொண்டுவந்தார். அது மூழ்கியதும் தன் வாழ்நாள் முழுக்கச் சொன்னதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டதாக நினைத்துவிட்டார். அட்டை ஊறினால் முங்கும். அவ்வளவுதான் நடந்தது. அட்டையில் செய்தால் அமெரிக்காவும்தான் முங்கும்.

அதே நேரம் இந்தியா போய் ஆசியாவில் முட்டி, இடையில் இருந்த ஆடை சுருங்கி, நல்ல மேடாக எழுந்து நின்றது. இமயமலை. வீட்டில் ஒரு நாளும் அவ்வளவு அழகாக வந்ததில்லை. நான் ஒருத்திதான் பார்த்தேன்.

முதல் பரிசு எனக்குத்தான். 'கடல்கோளைக் கண்முன் நிறுத்தியதற்காக' என்று ஹெச்.எம். மைக்கில் வாசித்தார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து உருளியைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாதியாவது விளங்கியிருக்க வேண்டும், கேட்டுவிட்டு யோசித்தாள்.

"போவுது, விடு. பாளையங்கோட்டைக்குப் போயி அங்கன அந்தம்மாகிட்ட நீ நெனச்சதச் சொல்லு. இங்கன கைதட்டுனா தட்டிட்டுப் போறாங்க."

எனக்கும் அது சரி என்று பட்டது. வாயை மூடிக்கொண்டு போவது, பேராசிரியை முன்னால் மட்டும் திறப்பது. மதுரை மட்டும்தான் முக்கியம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐயா புதிதாக ஒரு தங்கக் கண்டம் செய்து வைத்திருந்தார், முன்னதைவிட மெல்லிய அட்டையில், சீக்கிரம் ஊறட்டும் என்று. நான் பேச வேண்டியதையும் எழுதி வைத்திருந்தார். நல்ல தமிழ். வாசித்தால் யாருக்கும் மயிர் சிலிர்க்கும். பூமியின் உள்ளடுக்கு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"நடுவர் அம்மா இந்தத் துண்டைக் காட்டி இது ஏன் மூழ்குதுன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்று ஐயா கேட்டார். பரீட்சைக்குத் தயார் பண்ணுகிற பிரியத்தோடுதான் கேட்டார்.

'கடல் கொண்டது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுநாள் பஸ்ஸில் ஏறியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

"அட்டை ஊறிப்போச்சுன்னு சொல்லுவேன்யா."

ஹெச்.எம். நிமிர்ந்து பார்த்தார்.

"கடல் கொஞ்சம் கரையை விழுங்கியிருக்கலாம்யா. பனி உருகிக் கடல் மட்டம் ஏறுனப்போ ராமேசுவரத்துப் பக்கம் நிலம் போயிருக்கலாம். அதுக்குப் பாட்டு கட்டியிருக்கலாம். அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது கண்டம் இல்ல. கண்டம் நம்ம காலுக்குக் கீழ இருக்குய்யா. அது எங்கயும் முங்கல, நம்மளச் சுமந்துக்கிட்டுப் போயிட்டே இருக்கு. இதவிட வேற என்னய்யா பெருமை வேணும் நமக்கு?"

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் ஐயாவிடம் பேசியது அதுதான் முதலும் கடைசியும். ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. நான் அவருடைய தாயாரை வைதிருந்தால்கூட அப்படி ஆகியிருக்க மாட்டார்.

"நீ தமிழச்சிதானம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வாழைமட்டையை வெட்டி, மஞ்சள் பூசி, கையெல்லாம் கஞ்சி கொட்டிக் கொப்புளம் போட்டு, இந்த மண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அலைந்தவளைப் பார்த்து அந்தக் கேள்வி. ஹெச்.எம். "நீ வீட்டுக்குப் போம்மா, வேற ஆள் பார்த்துக்கிடுவோம்" என்றார்.

வேறு ஆள் என்பது ஐயாவின் பேச்சுப்போட்டிப் பிள்ளைகள் இரண்டு பேர். அன்று சாயங்காலமே உருளி கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு எழுந்து வரத் தெம்பில்லை, உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வந்தால் எங்கள் வீட்டில் எதையும் மறுத்ததில்லை.

வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. "என் மவளுக்கு அங்கன இடம் இல்லன்னா என் உருளிக்கும் இடம் இல்ல. போயி உங்க ஐயாட்ட சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு அம்மா உள்ளே வந்தாள். உருளியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். அதன் பிறகு அவள் சேலைக்குக் கஞ்சி போடுவது வேறு சட்டியில்தான்.

பிள்ளைகள் சத்துணவுக் கூடத்து அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பாளையங்கோட்டையிலும் தங்கம் மூழ்கியது. அங்கேயும் கைதட்டல். புவியியல் பேராசிரியை கடைசி நேரத்தில் வரவில்லையாம், வேறு யாரோ நடுவராக உட்கார்ந்தார்களாம். முதல் பரிசு. பத்திரிகையில் போட்டோ வந்தது. சட்டி பெரிதாகத் தெரிந்தது, பிள்ளைகள் சின்னதாகத் தெரிந்தார்கள்.

அப்பா பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதட்ட வரவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஜெயிச்சுட்டாங்கல்லா. அப்ப அவங்க சொன்னதுதான சரி?"

"இல்லப்பா."

"அவ்வளவு பெரிய மனுசங்க பாத்துக் குடுத்திருக்காங்களே ஏட்டி."

அதற்கு மேல் அப்பாவிடம் என்ன சொல்வது? கைதட்டினால் சரி, பரிசு கிடைத்தால் உண்மை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் படித்தவர்கள். மதுரைப் பேச்சு அன்றோடு முடிந்தது. யாரும் முடிந்தது என்று சொல்லவில்லை, மறுபடி எடுக்கவில்லை, அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் லோயர், ஹையர், அஞ்சலில் பி.காம். அப்புறம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தற்காலிக வேலை. நாள் முழுக்க 'மேற்படி அசையாச் சொத்து' என்று தட்டச்சு செய்வேன். நான்கு எல்லையும் எழுதி, வடக்கே இன்னாருடைய வயல், தெற்கே வாய்க்கால் என்று முடிப்பேன். அசையாததாம். பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு நாள் "இதெல்லாம் அசையுது சார்" என்று சொன்னேன். பேயறைந்த மாதிரி பார்த்தார்.

எங்கோ ஒரு புத்தகத்தில் பிறகு படித்தேன், பாபநாசம் மலைப்பக்கத்துப் பாறைகளுக்கும் மடகாஸ்கர் பாறைகளுக்கும் ஒரே வயது, ஒரே வார்ப்பு என்று ஆராய்கிறார்களாம். குளிக்கும்போது நாங்கள் துணி துவைத்த அந்தக் கல்லின் கூடப்பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. கட்டுக்கதையே வேண்டாம், கல்லே சொல்கிறது. இதைப் போய் நான் யாரிடம் சொல்ல?

தொண்ணூறுகள் முடிவதற்குள் ஒரு முறை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. மாற்றுச் சான்றிதழில் ஒரு திருத்தம். போன அன்று கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். கஞ்சி வாசனை வந்தது, உள்ளே போய்விட்டேன்.

அதே சத்துணவுச் சட்டி. அதே வாழைமட்டை, மஞ்சள், நீலம். நடுவில் தங்கம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பிள்ளை ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நின்றாள். இன்னும் கூட்டம் வரவில்லை. தங்கத் துண்டைத் திருப்பி அடியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் கத்தரியை வைத்துக்கொண்டு, நூலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அது என்னத்துக்கு?" என்றேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். நான் ஆசிரியை இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சில நாள் முங்க மாட்டேங்குதுக்கா. ஐயா கட்டச் சொன்னாங்க. மத்ததெல்லாம் சும்மாவே நகருது, இதுக்குத்தான் கல்லு வேண்டியிருக்கு."

"மத்தது ஏன் நகருதுன்னு கேட்டியா?"

"கேட்டேன்க்கா. ஒரு மார்க் கேள்வின்னு சொல்லிட்டாங்க."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். "இதை முதல்ல யாரு செஞ்சதுன்னு தெரியுமா?"

"தெரியும்க்கா. இங்க படிச்ச ஒரு அக்கா. இதுக்குப் பரிசு வாங்கி, மதுரையில போயி இதையே காலேஜ்ல படிச்சு, இப்ப பெரிய ஆளா இருக்காங்களாம். வருசா வருசம் தமிழ் ஐயா பிரேயர்ல சொல்லுவாங்க. சொல்லும்போது அழுதுருவாங்க."

நான் கையை நீட்டினேன். "அந்தக் கத்தரியக் குடு."

கொடுத்தாள். நூலை வெட்டினேன். கல் சட்டிக்குள் விழுந்தது.

"மதுரைக்கெல்லாம் போகலம்மா" என்றேன். "அந்த அக்கா பத்திர ஆபீஸ்ல டைப் அடிக்கா. நீ அடுப்பப் பத்த வை."